மிகப்பெரிய பகா எண்ணும் அதைவிடப் பெரிய ஒரு பொய்யும்

ஒவ்வொரு முறையும் இதுதான் நடக்கிறது. உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் பிரம்மாண்டமான ஒரு பகா எண்ணைக் கண்டுபிடிக்கிறார். செய்தி வருகிறது. எத்தனை இலக்கங்கள், அச்சடித்தால் எத்தனை பக்கம் என்றெல்லாம் வியந்து முடித்த பிறகு, கடைசிப் பத்தியில் செய்தி எழுதுபவருக்கு ஒரு பயம் வந்துவிடுகிறது. "இதனால் என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டுவிட்டால்?" உடனே ஒரு வரி சேர்க்கப்படுகிறது: இணைய வங்கிச் சேவையைப் பாதுகாப்பவை பகா எண்கள், ஆகவே இந்தக் கண்டுபிடிப்பு மிக முக்கியமானது. முடிந்தது கதை.

அந்த வரியின் முதல் பாதி உண்மை. இரண்டு பாதிகளையும் இணைக்கிறதே அந்த "ஆகவே", அதுதான் பொய். மூன்று எழுத்துப் பொய். ஆனால் அது செய்கிற சேதம் கொஞ்சநஞ்சமல்ல. கணிதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் மட்டும் இதைச் சொல்வதில்லை. வகுப்பறையில் "சார், இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும் மாணவனுக்குச் சொல்லப்படும் பதிலும் பெரும்பாலும் இதுதான். அவனும் அதை நம்பி, மேற்கொண்டு கேள்வி கேட்காமல் உட்கார்ந்துவிடுகிறான்.

முதலில் அந்த எண்ணையே பார்த்துவிடுவது நல்லது.

எண் எவ்வளவு பெரியது?

இன்று அறியப்பட்ட பகா எண்களில் மிகப்பெரியதாகப் பேசப்படுவது 2^136279841 - 1. (^ என்பது அடுக்குக் குறி. அதாவது 2-ஐ 136279841 முறை பெருக்கி, அதிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும்.) 2024 அக்டோபரில் இதைக் கண்டுபிடித்தவர் லூக் டியூரான்ட். அப்போது அவருக்கு வயது 36. என்விடியா நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்தவர். கிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சியில் சேர்ந்து, பல நாடுகளில் உள்ள தரவு மையங்களில் கிராஃபிக்ஸ் சில்லுகளை வாடகைக்கு எடுத்துத் தேடினார். அக்டோபர் 11-ஆம் தேதி டப்ளினில் இருந்த ஒரு சில்லு "இது பகா எண்ணாக இருக்கலாம்" என்றது. மறுநாள் டெக்சாஸில் இருந்த இன்னொரு சில்லு வேறொரு சோதனையில் அதை உறுதி செய்தது. அக்டோபர் 21-ஆம் தேதி உலகுக்கு அறிவித்தார்கள்.

இந்த எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள் இருக்கின்றன. நான்கு கோடிக்கும் மேல்! விநாடிக்கு ஓர் இலக்கம் வீதம் சோறு தண்ணீர் தூக்கம் எதுவும் இல்லாமல் வாசித்தால் சுமார் 475 நாட்கள் ஆகும். பக்கத்துக்கு 3000 இலக்கம் அச்சடித்தால் 13,675 பக்கம். 2018-இல் பாட்ரிக் லரோஷ் கண்டுபிடித்த முந்தைய சாதனை எண்ணுக்கு 2,48,62,048 இலக்கங்கள்தான்.

இவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் அதன் கடைசி இரண்டு இலக்கத்தைக் கண்டுபிடிக்கக் கணினி தேவையில்லை. 2-இன் அடுக்குகளில் கடைசி இரண்டு இலக்கங்கள் (2^2 முதல்) 20 படிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். 136279841-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 2^21 எப்படி முடிகிறதோ அப்படியே இதுவும் முடியும். 2^21 = 2097152. கடைசியில் 52. ஒன்றைக் கழித்தால் 51. அவ்வளவுதான்! (இந்த "ஆகவே" சரியான "ஆகவே". வித்தியாசத்தைக் கவனியுங்கள்.)

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

இப்போது வங்கி விவகாரம்.

1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் என்ற மூவர் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறைதான் இந்தப் பேச்சுக்கெல்லாம் மூலம். அதன் அடிப்படை எளிமையானது. இரண்டு பெரிய பகா எண்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்க வேண்டும். பெருக்கற்பலனை ஊருக்கே சொல்லலாம். ஆனால் அந்த இரண்டு எண்களும் ரகசியம். பெருக்குவது சுலபம், பெருக்கற்பலனைப் பார்த்து அந்த இரண்டையும் திரும்பக் கண்டுபிடிப்பது மகா கஷ்டம். பாதுகாப்பு என்பது இந்தக் கஷ்டம்தான்.

இதில் முக்கியமான சொல் "ரகசியம்". உலகத்தின் மிகப்பெரிய பகா எண் ரகசியமா? அதற்கு நேர் எதிர்! அதைவிட விளம்பரமான பகா எண் வேறு எதுவும் கிடையாது. வீட்டுச் சாவியின் படத்தைச் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் போட்டுவிட்டு, "இது உலகிலேயே பெரிய சாவி, ஆகவே வீடு பத்திரம்" என்பதைப் போன்றது இது. யாராவது ஒருவர் இந்த எண்ணை வைத்துப் பூட்டுச் செய்தால், உடைக்க வருபவன் அறியப்பட்ட 52 மெர்சென் பகா எண்களையும் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் போதும். பூட்டு திறந்துகொள்ளும்.

அளவையும் பாருங்கள். பரவலாகப் பயன்படுகிற 2048-பிட் ஆர்.எஸ்.ஏ.வில் ஒவ்வொரு பகா எண்ணும் 1024 பிட். அதாவது சுமார் 308 இலக்கங்கள். அந்தப் பொதுச் சாவியின் பெருக்கற்பலன் 256 பைட்டில் அடங்கிவிடும். சாதனை எண்ணை மட்டும் சேமிக்கவே சுமார் 1.7 கோடி பைட் வேண்டும். ஒருவர் தன் கணக்கில் இருப்பைப் பார்க்க நினைக்கும் ஒவ்வொரு முறையும், சாதாரண சாவியைப் போல அறுபத்தாறாயிரம் மடங்கு பெரிய எண்ணை அனுப்பி, அதை வைத்துப் பெருக்கி வகுத்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த வங்கியும் இதைச் செய்யாது.

சரி, 308 இலக்கப் பகா எண்களுக்காவது பஞ்சமா? "புதிய பகா எண்கள் தீர்ந்துவிட்டால் இணையம் என்னாகும்" என்று சிலர் கவலைப்படுகிறார்கள். 1024 பிட் எண்களில் ஏறக்குறைய 710-க்கு ஒன்று பகா எண். ஒற்றை எண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 355-க்கு ஒன்று. மொத்தம் எத்தனை? 1 போட்டுப் பக்கத்தில் 305 சுழியங்கள் எழுதினால் வருகிற அளவுக்கும் கொஞ்சம் அதிகம். மேசைமேல் இருக்கிற சாதாரணக் கணினி தனக்கு வேண்டிய பகா எண்ணைக் கண்ணிமைக்கும் நேரத்தில், அதிகம் போனால் சில விநாடிகளில், தானே தேடிக்கொள்கிறது. அது டியூரான்டுக்காகக் காத்திருக்கவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த மிகப்பெரிய எண் அறிவிக்கப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2024 ஆகஸ்டில், அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் குவாண்டம் கணினிகளைத் தாங்கக்கூடிய புதிய மறைகுறியாக்கத் தரங்களை வெளியிட்டது. காரணம், 1994-இல் பீட்டர் ஷோர் கண்டுபிடித்த வழிமுறை. போதுமான திறனுள்ள குவாண்டம் கணினி வந்துவிட்டால் ஆர்.எஸ்.ஏ. பூட்டு உடைந்துவிடும். புதிய தரங்களில் முதலாவதாக வெளியான, சாவிப் பரிமாற்றத்துக்கான முறை நடுவில் வைத்திருக்கும் பகா எண் என்ன தெரியுமா? 3329. வெறும் நான்கு இலக்கம்! அதுவும் ரகசியமில்லை. அதன் பாதுகாப்பு வேறு வகைக் கணக்கிலிருந்து வருகிறது. ஆக, இணையப் பாதுகாப்பு போகிற திசை ஒன்று, செய்திகளின் கடைசிப் பத்தி கைகாட்டுகிற திசை வேறொன்று.

எதிர்வாதங்கள் மூன்று

இதைச் சொன்னவுடன் மூன்று பதில்கள் வரும். மூன்றுமே மதிக்க வேண்டியவை, ஏனென்றால் மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

முதல் பதில்: "எல்லாப் பகா எண்ணும் ரகசியமாக இருக்கத் தேவையில்லையே? வெளிப்படையான பகா எண்களும் குறியாக்கத்தில் பயன்படுகின்றனவே?" உண்மைதான். 2^255 - 19 என்ற பகா எண் இன்று கோடிக்கணக்கான கைப்பேசிகளில் வேலை செய்கிறது. 2^521 - 1 என்ற மெர்சென் பகா எண்ணின் மேல் ஒரு நீள்வட்ட வளைவுத் தரமே கட்டப்பட்டிருக்கிறது. 2^19937 - 1 என்ற எண், "மெர்சென் ட்விஸ்டர்" என்னும் சமவாய்ப்பு எண் உருவாக்கியின் சுழற்சி நீளம். பைத்தான் மொழியில் பகடை உருட்டுகிற நிரல் எழுதியவர்கள் எல்லோரும் தெரியாமலேயே அதைத் தொட்டிருக்கிறார்கள். சி மொழி படித்தவர்களுக்கு 2147483647 என்றாலே தலைவலி வரும். 32 பிட் முழுஎண்ணின் உச்சவரம்பு. அதுவும் 2^31 - 1 என்ற மெர்சென் பகா எண்தான். ஆய்லர் 1772-இல் அதைப் பகா எண் என்று நிறுவினார்.

ஆனால் இவற்றின் வயதையும் அளவையும் பாருங்கள். 2^521 - 1 கண்டுபிடிக்கப்பட்டது 1952-இல், அதில் 157 இலக்கம். 2^19937 - 1 கண்டுபிடிக்கப்பட்டது 1971-இல், 6002 இலக்கம். பொறியாளருக்குத் தேவைப்பட்டவை எப்போதோ கையில் கிடைத்துவிட்டன. "இரும்புக் கம்பி கட்டிடத்துக்கு உதவுகிறது, ஆகவே நிலவுவரை நீளும் கம்பி இன்னும் அதிகம் உதவும்" என்று யாரும் சொல்வதில்லையே!

இரண்டாவது பதில்: "தேடும் வழியில் கிடைக்கும் துணைப் பயன்கள்?" இது நேர்மையான பதில். 1994-இல் தாமஸ் நைஸ்லி என்ற பேராசிரியர் இரட்டைப் பகா எண்களை வைத்து ஒரு தொடரைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தபோதுதான் இன்டெல் பென்டியம் சில்லின் வகுத்தல் பிழை அகப்பட்டது. அதற்காக இன்டெல் 47.5 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுத வேண்டியிருந்தது. மெர்சென் எண்களைத் தேடுவதற்காக ஜார்ஜ் வோல்ட்மன் எழுதிய பிரைம்95 நிரல், கணினி சூடு தாங்குமா என்று சோதிக்கப் பலராலும் ஓட்டப்படுகிறது. இன்டெல்லின் ஸ்கைலேக் சில்லுகள் சில கணக்குகளில் உறைந்துபோவதை 2016-இல் காட்டிக்கொடுத்ததும் அதே நிரல்தான். பிரம்மாண்ட எண்களை வேகமாகப் பெருக்கும் உத்திகளும் இந்தத் தேடலில் கூர்மையடைந்திருக்கின்றன.

இதையெல்லாம் தாராளமாக எழுதலாம். எழுதவும் வேண்டும். ஆனால் எழுதுகிறார்களா? உண்மையான பயன் கையில் இருக்கும்போது ஏன் வங்கியை இழுக்க வேண்டும்? விடை சுலபம். வங்கி என்றால் படிப்பவர் பயப்படுவார். பயந்தால் மதிப்பார். மிதவைப்புள்ளிப் பிழை என்றால் கொட்டாவி விடுவார்.

மூன்றாவது பதில்தான் கனமானது: "இன்று பயனில்லை என்றால் நாளைக்கும் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? ஹார்டியின் கதை தெரியாதா?" ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டிதான். எண்கோட்பாட்டுக்குப் போரில் எந்தப் பயனும் இதுவரை இல்லை, வெகுகாலத்துக்கு இருக்கவும் போவதில்லை என்று 1940-இல் எழுதினார். அதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது. நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை, ஆர்.எஸ்.ஏ. வந்து எண்கோட்பாட்டை ராணுவ ரகசியங்களின் நடுவில் கொண்டுபோய் வைத்தது. 1640-இல் ஃபெர்மா ஒரு கடிதத்தில் சொல்லிவைத்த தேற்றமும், ஆய்லர் அதை விரிவாக்கியதும், 1977-இல் பூட்டாக மாறின.

கதை உண்மை. ஆனால் அது எதை நிரூபிக்கிறது? முந்நூறு வருடம் காத்திருந்து பயன்பட்டது ஒரு தேற்றம். ஒரு குறிப்பிட்ட எண் அல்ல. ஃபெர்மாவின் காலத்தில் அறியப்பட்ட மிகப்பெரிய பகா எண் எது என்பது ஆர்.எஸ்.ஏ.வை உருவாக்கிய மூவருக்குக் கால்காசுக்கும் உதவவில்லை. கருத்து வளர்ந்து வேறு இடத்தில் போய்க் காய்க்கும். சாதனை எண் அப்படியல்ல. அடுத்த சாதனை வந்ததும் அது பட்டியலில் இரண்டாவது இடத்துக்குப் போய்விடும், அவ்வளவுதான். கருத்தின் பெருமையை எண்ணின் கழுத்தில் மாலையாகப் போடுவது கள்ளக்கணக்கு.

சின்னச் சின்னப் பொய்கள்

ஒரு பொய் தனியாக வருவதில்லை. கூடவே பரிவாரமும் வருகிறது.

"உலகின் மிகப்பெரிய பகா எண் கண்டுபிடிப்பு" என்று தலைப்புப் போடுகிறார்கள். மிகப்பெரிய பகா எண் என்று ஒன்று கிடையாது. யூக்ளிட் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதை முடித்துவிட்டார். "அறியப்பட்ட" என்ற ஒரு சொல்லை விட்டால் செய்தியே தலைகீழாகிறது. அந்த யூக்ளிடின் நிரூபணத்தையும் பாதிப்பேர் தப்பாகச் சொல்கிறார்கள். "முதல் சில பகா எண்களைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் புதிய பகா எண் கிடைக்கும்" என்பது தவறு. 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கி 1 கூட்டினால் 30031. அது 59 x 509. யூக்ளிட் சொன்னது, அப்படிக் கிடைக்கும் எண்ணைப் பட்டியலில் உள்ள எந்தப் பகா எண்ணும் மீதியின்றி வகுக்காது, ஆகவே பட்டியலுக்கு வெளியே இன்னொரு பகா எண் இருந்தே தீரும் என்பதுதான்.

"52-வது மெர்சென் பகா எண்" என்பதும் அப்படியே. அது கண்டுபிடிப்பின் வரிசை. எண்களின் வரிசை அல்ல. 2008 ஆகஸ்டில் 2^43112609 - 1 கிடைத்தது. அதைவிடச் சிறிய 2^37156667 - 1 அதற்கு அடுத்த மாதம்தான் அகப்பட்டது. இன்னொரு சிறியது, 2^42643801 - 1, 2009-இல். தேடல் வரிசையாக நடப்பதில்லை, தவறவிட்ட இடைவெளிகள் இருக்கக்கூடும்.

அப்படியானால் இந்த எண்ணில் என்னதான் இருக்கிறது?

நிறைய இருக்கிறது! பொய் சொல்லித் தூக்கிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு அது ஏழை அல்ல.

2^ப - 1 என்ற வடிவத்தில் உள்ள எண் பகா எண்ணாக இருக்க வேண்டுமென்றால் "ப" கட்டாயம் பகா எண்ணாக இருக்க வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. 11 பகா எண். 2^11 - 1 = 2047 = 23 x 89. இந்த 23, 89 இரண்டையும் உற்றுப் பாருங்கள். இரண்டிலும் ஒன்றைக் கழித்தால் 22, 88. இரண்டும் 22-இன் மடங்கு. இது தற்செயல் இல்லை. 2-க்குப் பெரிய எந்தப் பகா எண் "ப"-வை எடுத்தாலும், 2^ப - 1-இன் ஒவ்வொரு பகாக் காரணியும் "ப"-வின் இருமடங்கால் வகுத்தால் மீதி 1 தரும். பகடை உருட்டியதுபோல் சிதறிக் கிடக்கும் பகா எண்களுக்கு நடுவில் இப்படி ஓர் ஒழுங்கு!

அடுத்தது, சோதனை. நான்கு கோடி இலக்க எண்ணைப் பகா எண் என்று எப்படித்தான் உறுதி செய்கிறார்கள்? காரணிகளைத் தேடியா? பிரபஞ்சத்தின் வயது போதாது. பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டு, 1930-இல் அமெரிக்கரான லேமர் செம்மைப்படுத்திய சோதனை ஒன்று இருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். 4-இல் தொடங்கு. வர்க்கப்படுத்து, 2-ஐக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடு. திரும்பச் செய். மொத்தம் ப - 2 முறை. கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை.

127-ஐச் (2^7 - 1) சோதித்துப் பாருங்கள். 4, பிறகு 14, பிறகு 194-இன் மீதியான 67, பிறகு 42, பிறகு 111, பிறகு... 111-இன் வர்க்கம் 12321. இரண்டைக் கழித்தால் 12319. அது மிகச்சரியாக 127 x 97. மீதி 0. ஐந்தே படி! 2047-க்கு இதையே செய்தால் ஒன்பதாம் படியில் 1736-இல் வந்து நிற்கும். 0 இல்லை, ஆகவே பகா எண் இல்லை. சாதனை எண்ணுக்கும் இதே சோதனைதான். 13,62,79,839 படிகள், ஒவ்வொரு படியிலும் கோடிக்கணக்கான இலக்கங்கள். இடையில் ஒரே ஒரு பிட் தவறினாலும் முடிவு பாழ். அதனால்தான் வெவ்வேறு கணினிகளில், வெவ்வேறு நிரல்களில் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார்கள்.

இந்தச் சோதனையில் ஒரு விசித்திரம் ஒளிந்திருக்கிறது. மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி 1644-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையிலான அடுக்குகளில் எவை பகா எண் தரும் என்ற பட்டியல். அதில் 67 இருந்தது. 1876-இல் லூக்கா தன் முறையால் 2^67 - 1 பகா எண் அல்ல என்று காட்டினார். ஆனால் அதன் ஒரு காரணியைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை! "இது உடையும், எப்படி உடையும் என்று தெரியாது." 1903-இல்தான் ஃபிராங்க் கோல் என்ற அமெரிக்கர் அதை உடைத்தார்: 193707721 x 761838257287. ஓர் எண் உடையும் என்று தெரிவதற்கும், அதை உடைத்துக் காட்டுவதற்கும் நடுவில் 27 வருடம்.

அந்த 27 வருட இடைவெளியில்தான் ஆர்.எஸ்.ஏ. குடியிருக்கிறது. பகா எண்ணா என்று சோதிப்பது சுலபம், காரணிப்படுத்துவது கடினம். முதலாவது சுலபம் என்பதால்தான் கணினி தன் ரகசியப் பகா எண்களை நொடியில் கண்டெடுக்க முடிகிறது. இரண்டாவது கடினம் என்பதால்தான் திருடனால் முடிவதில்லை. 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், அவரது மாணவர்கள் நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும் எந்த எண்ணையும் பல்லுறுப்புக்கோவை நேரத்தில் ஐயத்துக்கிடமின்றிச் சோதிக்க முடியும் என்று நிறுவி உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார்கள். அதனால் எந்தப் பூட்டும் உடையவில்லை. சோதனை வேறு, காரணிப்படுத்தல் வேறு. இந்த ஒரு வேறுபாட்டை ஒரு மாணவனுக்கு விளக்கிவிட்டால், வங்கிக்கும் பகா எண்ணுக்கும் உள்ள உண்மையான உறவு அவனுக்குத் தானே புரிந்துவிடும். கடைசிப் பத்தியின் பொய் மூடி மறைப்பது சரியாக இந்த இடத்தைத்தான்!

இன்னும் ஒன்று. தன்னைத் தவிர மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தன்னையே தரும் எண்கள் உண்டு. 6 = 1 + 2 + 3. அடுத்து 28, 496, 8128. இவற்றை நிறைவெண்கள் என்பார்கள். ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைப் பெற்றெடுக்கும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே இப்படித்தான் பிறந்தாக வேண்டும் என்று இரண்டாயிரம் வருடம் கழித்து ஆய்லர் காட்டினார். ஆக, 2024-இல் கிடைத்தது ஓர் எண் அல்ல, இரண்டு. கூடவே 8,20,48,640 இலக்கங்கள் கொண்ட ஒரு நிறைவெண்ணும் கிடைத்தது. ஒற்றைப்படையில் ஒரு நிறைவெண்ணாவது உண்டா? இன்றுவரை யாருக்கும் தெரியாது. மெர்சென் பகா எண்கள் முடிவில்லாமல் போகுமா? அதையும் யாரும் நிறுவவில்லை.

பொய்யின் விலை

"போகட்டும், நல்ல காரியத்துக்குச் சின்னப் பொய்தானே" என்று விட்டுவிடலாமா? கூடாது.

பயன் என்ற ஒரே அளவுகோலை வைத்துக் கணிதத்தைக் காப்பாற்ற நினைப்பவர், அந்த அளவுகோலைக் கணிதத்தின் எதிரியிடமே கொடுத்துவிடுகிறார். நாளைக்குக் குறியாக்கம் முழுக்கப் பகாக் காரணிகளைக் கைவிட்டுவிட்டால்? அந்த மாற்றம் தொடங்கியேவிட்டது. அப்போது பகா எண் பாடத்தையும் தூக்கி எறிந்துவிடலாமா? "இணைய வங்கிக்காகத்தான் இதைப் படிக்கிறோம்" என்று சொல்லி வளர்க்கப்பட்ட மாணவன் "ஆமாம்" என்றுதான் சொல்வான். எண்கோட்பாடு படிக்க ஆசைப்படும் பிள்ளையிடம் "அதற்கு என்ன ஸ்கோப்?" என்று கேட்கும் வீடுகளுக்கும் இந்தப் பொய்தான் தீனி போடுகிறது.

அதைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று. கணிதம் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே, "ஆகவே" என்ற சொல்லைச் சும்மா போடக்கூடாது என்பதுதான். முதல் வரியிலிருந்து இரண்டாம் வரி பிறந்தால் மட்டுமே நடுவில் "ஆகவே" வரலாம். கணிதத்தைப் புகழ்வதற்காகவே அந்தச் சொல்லைக் களவாடுகிறவர், புகழ வந்த பொருளையே கொன்றுவிடுகிறார்.

அடுத்த எண்ணும் நிச்சயம் வரும். பத்துக் கோடி இலக்கங்கள் கொண்ட முதல் பகா எண்ணுக்கு 1,50,000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டு இன்னும் யாருக்கும் கொடுக்கப்படாமல் காத்திருக்கிறது. அன்றைக்குச் செய்தி எழுதுகிறவர்கள் கடைசிப் பத்தியில் இப்படி எழுதிப் பார்க்கட்டும்: "இந்த எண்ணால் யாருடைய வங்கிக் கணக்கும் பாதுகாப்படையப் போவதில்லை. மனிதர்கள் எவரெஸ்ட் மேல் ஏறுவதைப் போல இதிலும் ஏறியிருக்கிறார்கள். ஏறும் வழியில் கணினிச் சில்லுகளின் பிழைகளைப் பிடித்தார்கள், பெரிய எண்களை வேகமாகப் பெருக்கக் கற்றுக்கொண்டார்கள். யூக்ளிட் தொடங்கிவைத்த ஒரு பட்டியலில் இன்று ஒரு வரி கூடியிருக்கிறது."

படிப்பவர் யாரும் செய்தித்தாளை வீசி எறிந்துவிட மாட்டார். யாரோ ஒரு பெண், ஏதோ ஒரு கடைசி பெஞ்சில், நோட்டின் பின்பக்கத்தில் 4, 14, 67 என்று எழுதத் தொடங்கலாம். அதற்கு வங்கி எதற்கு?